வடசென்னையிலிருந்து இந்திய மகளிர் ரக்பி அணி வரை: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

வியாசர்பாடியில் கால்பந்தையோ ராயபுரத்தில் குத்துச்சண்டையையோ யாரும் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடைபெற்ற கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்று திரும்பிய பிறகு, வீட்டுப் பெண் கேரம் பலகைக்கு முன் உட்கார்ந்தால் ‘படிப்பு என்ன ஆகும்’ என்று கேட்பவர்களின் குரலும் சற்றுத் தணிந்திருக்கிறது. ரக்பி அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. பேச்செடுத்தால், தலைக்கவசமும் தோள்பட்டைக் கவசமும் அணிந்து அமெரிக்கர்கள் ஆடும் ஆட்டத்தைத்தான் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு.

பதினான்கு முதல் இருபத்திரண்டு வயதுக்குள் இருக்கும், ஏதாவதொரு விளையாட்டில் ஏற்கெனவே ஓடியாடிப் பழகிய, ரக்பியில் இந்தியாவுக்காக ஆடிப்பார்க்க வேண்டும் என்ற எண்ணம் கொண்ட பெண்களுக்கும், அவர்களை மைதானத்துக்கு அனுப்பவிருக்கும் பெற்றோருக்கும் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. இரண்டு உண்மைகளைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். ஆடும் பெண்கள் குறைவு. மற்ற விளையாட்டுகளிலிருந்து வருவோரை ரக்பி தயக்கமில்லாமல் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே, இந்திய அணியின் சீருடை கிரிக்கெட்டிலோ பாட்மின்டனிலோ இருப்பதைவிட ரக்பியில் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால், அந்தச் சீருடை மாதச் சம்பளத்தோடு வருவதில்லை. ஆட்டத்தையும் பிழைப்பையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துத் திட்டமிடுபவர்தான் இதில் நீடிக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து; கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கருத்தை ஒட்டியே அமைந்துள்ளன.

முதல் படி: எந்த ரக்பி என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரக்பியில் பதினைவர் ஆட்டம், எழுவர் ஆட்டம் என்று இரண்டு வடிவங்கள் முக்கியமானவை. பதினைவர் ஆட்டம் ஒரு பாதிக்கு 40 நிமிடங்களாக 80 நிமிடம் நடக்கும். எழுவர் ஆட்டம், அதாவது செவன்ஸ், ஒரு பாதிக்கு 7 நிமிடங்கள் மட்டுமே. ஆனால் மைதானம் அதே அளவுதான், ஏறக்குறைய 100 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும். பதினைந்து பேர் காக்க வேண்டிய பரப்பை ஏழு பேர் காப்பதால், பதினான்கு நிமிடமும் மூச்சு வாங்க நேரமிருக்காது. பந்தைக் கையால் முன்பக்கம் வீசக்கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ மட்டுமே கொடுக்கலாம். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது ‘ட்ரை’, 5 புள்ளிகள். அதைத் தொடரும் உதைக்கு 2, பெனால்டி உதைக்கும், ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு அது எழும்பும்போது உதைத்து அடிக்கும் டிராப் கோலுக்கும் தலா 3. இவ்வளவு தெரிந்தால் ஒரு போட்டியைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

இந்தியப் பெண்ணுக்கு வாய்ப்பு அதிகம் இருப்பது எழுவர் ஆட்டத்தில்தான். அது 2016 ரியோவிலிருந்து ஒலிம்பிக்கிலும், மகளிருக்கு 2010 குவாங்சோவிலிருந்து ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் இருக்கிறது. தேசிய விளையாட்டுப் போட்டிகளிலும் அந்த வடிவமே ஆடப்படுகிறது. பதினைவர் ஆட்டத்தில் இந்திய மகளிர் அணி 2018-இல்தான் முதன்முதலாகக் களமிறங்கியது. 2019 ஜூனில் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றது அதன் முதல் வெற்றி. எழுவர் அணியோ ஆசிய அளவில் இரண்டாம் நிலைத் தொடரான டிராபி போட்டியில் இறுதிவரை வந்திருக்கிறது. 2024-இல் காத்மாண்டுவில் பிலிப்பைன்ஸிடம் தோற்று வெள்ளி பெற்றது. ஆகவே, எழுவர் ஆட்டத்தைக் குறிவைத்துத் தொடங்குங்கள்.

ரக்பி நம் நாட்டுக்கு அந்நியமானது என்று யாராவது சொன்னால் ஒரு செய்தியைச் சொல்லலாம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றுவரை போட்டியிடும் கல்கத்தா கோப்பை, 1870-களில் கல்கத்தாவில் இருந்த ரக்பி கழகம் கலைந்தபோது, அதன் கணக்கில் மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்யப்பட்டது.

இரண்டாம் படி: உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் கணக்கிடுங்கள்

பத்து வயதில் தொடங்காவிட்டால் வாய்ப்பில்லை என்ற நிலை ரக்பியில் இல்லை. நியூசிலாந்தின் போர்ஷியா வுட்மன் நெட்பால் ஆடிக்கொண்டிருந்தவர். எழுவர் ஆட்டம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதும் அந்நாட்டுச் சங்கம் மற்ற விளையாட்டுப் பெண்களை அழைத்து நடத்திய தேர்வின் வழியாக 2012-இல் ரக்பிக்கு வந்து, பின்னர் ஒலிம்பிக் தங்கம் வென்றார். பீகாரின் ஸ்வீட்டி குமாரி ஓட்டப் பந்தய வீராங்கனையாக இருந்தவர். அவருடைய வேகத்தைக் கண்டுதான் ரக்பிக்கு அழைத்தார்கள். வடசென்னையில் கால்பந்தோ கபடியோ தடகளமோ ஆடிய பெண்ணிடம் ரக்பிக்கு வேண்டியவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. மறு பாதியைக் கற்பதோடு, இருக்கும் பாதியில் சில பழக்கங்களை மறக்கவும் வேண்டியிருக்கும். அதை நான்காம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: பயிற்சி இடத்தையும் பயிற்சியாளரையும் தேடுங்கள்

தெருமுனையில் ரக்பி பயிற்சி கிடைக்காது. தமிழ்நாட்டு ரக்பி சங்கத்தைத் தொடர்புகொண்டு, சென்னையில் மகளிருக்கான பயிற்சி தற்போது எந்த மைதானத்தில், எந்த நாட்களில் நடக்கிறது என்று கேட்பதே முதல் வேலை. மைதானங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், யாரோ முன்பு சொன்னதை நம்பிப் புறப்பட வேண்டாம். பெரியமேட்டில் உள்ள நேரு விளையாட்டரங்க வளாகத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அலுவலகம் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். விம்கோ நகரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து இறங்கினால் அங்கிருந்து நடந்துவிடலாம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. பயிற்சிக்குச் செல்லும் செலவு கைக்கு அடங்கியதாக இருப்பது சிறிய விஷயமல்ல. பலர் ஆட்டத்தை விடுவது காயத்தால் அல்ல, பயணத்தால்தான்.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது பெற்றோர் மூன்றைக் கேட்க வேண்டும். உலக ரக்பி அமைப்பின் முதல்நிலைப் பயிற்சியாளர் சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா? மைதானத்தில் முதலுதவி தெரிந்தவர் இருக்கிறாரா? வெளியூர்ப் பயணங்களில் அணியோடு ஒரு பெண் மேலாளர் வருகிறாரா? இவற்றைக் கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் பயிற்சியாளரிடம் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

சங்கத்தின் பயிற்சி வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள்தான் இருக்கும். மற்ற நாட்களில் அருகிலுள்ள மாநகராட்சித் திடலில் நான்கைந்து தோழிகளோடு ஒரே ஒரு பந்தை வைத்துக்கொண்டு ஓடியபடி பாஸ் செய்து பழகினால் போதும். காசிமேட்டு என்4 கடற்கரையில் மணல் கிடைக்கும் பகுதியில் ஓடலாம். திருவொற்றியூர்க் கரையில் பெரும்பகுதி கருங்கல் கொட்டிய கரையாக இருப்பதால் அங்கே ஓடக் கூடாது.

நான்காம் படி: பழைய பழக்கத்தை மாற்றி ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

கபடியிலிருந்து வரும் பெண்ணுக்கு ஆளைப் பிடிக்கப் பயமிருக்காது. அது பெரிய சொத்து. ரக்பியில் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது டேக்கிள் செய்யும், அதாவது பந்தோடு வருபவரைப் பிடித்துச் சாய்க்கும் துணிச்சலில்தான். ஆனால் அதே கபடி மூன்று இடங்களில் காலை வாரிவிடும்.

முதலாவது ‘டேஷ்’. கோட்டை ஒட்டி வரும் ரைடரைத் தோளால் இடித்து வெளியே தள்ளுவது கபடியில் கைதட்டு வாங்கும். ரக்பியில் கைகளால் சுற்றிப் பிடிக்காமல் தோளால் மட்டும் இடித்தால் பெனால்டி. ஆபத்தாக இடித்தால் அட்டையும் கிடைக்கும். எழுவர் ஆட்டத்தில் மஞ்சள் அட்டை என்றால் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். ஏழு நிமிடப் பாதியில் இரண்டு நிமிடம் ஆறு பேரோடு ஆடினால், அந்த நேரத்தில் எதிரணி இரண்டு ட்ரை அடித்துவிடும்.

இரண்டாவது, பிடித்ததை விடாத பழக்கம். கபடியில் விசில் ஊதும்வரை ரைடரை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ரக்பியில் பந்து வைத்திருப்பவரைத் தரையில் சாய்த்த நொடியே கையை எடுத்துவிட்டு, உருண்டு விலக வேண்டும். சாய்ந்தவரும் உடனே பந்தை விட வேண்டும். கபடிப் பெண்கள் முதல் சில வாரங்களில் வாங்கும் பெனால்டிகளில் பெரும்பாலானவை இதனால்தான். இதைச் சரிசெய்ய எளிய வழி, டேக்கிள் முடிந்தவுடன் ‘விட்டேன்’ என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுந்து நிற்கும் பயிற்சி. வாய் சொன்னால் கை கேட்கும்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது, தலை இருக்கும் இடம். கணுக்காலைப் பிடிக்கப் பாயும் கபடி வீராங்கனையின் தலை பெரும்பாலும் ரைடரின் முழங்காலுக்கு முன்னால் போய் நிற்கும். கபடியில் ரைடர் சிறிய இடத்தில் நிதானமாக ஆடுவதால் தப்பித்துவிடலாம். ரக்பியில் முழு வேகத்தில் ஓடிவரும் ஒருவரின் முழங்காலுக்கு முன் தலையைக் கொடுத்தால் மயக்கமும் கழுத்துக் காயமும் நிச்சயம். ஆகவே டேக்கிளை நின்று கற்காதீர்கள், முழங்காலிட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் மண்டியிட்டிருக்க, தோழி மெதுவாக நடந்து உங்கள் வலப்பக்கமாகக் கடக்கட்டும். கண்ணைத் திறந்து, முகவாயைத் தூக்கி, அவருடைய அரைக்கால்சட்டையின் ஓரத்தையே பாருங்கள். உங்கள் வலத் தோள் அவர் தொடையில் படும்போது, உங்கள் கன்னம் அவருடைய இடுப்புக்குப் பின்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். இரு கைகளும் தொடைகளைச் சுற்றி இறுகினால் அவர் தானாகவே சாய்வார், நீங்கள் மேலே விழுவீர்கள். இதே பயிற்சியை இடப்பக்கமும் அதே எண்ணிக்கையில் செய்யுங்கள். மண்டியிட்டு, பிறகு குந்தி, பிறகு ஓர் அடி எடுத்து வைத்து, அதன் பிறகுதான் ஓட்டத்தில் டேக்கிள் செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் தலை பின்னால் போவது பழகாத பெண்ணை முழு வேக ஆட்டத்தில் இறக்கும் பயிற்சியாளர் அவசரக்காரர். தோளுக்கு மேல் பிடிப்பது எந்த நிலையிலும் குற்றம். இடுப்பைக் குறிவைத்தே பழகினால் அந்தக் கவலை இல்லை.

பந்தோடு விழுவதும் ஒரு கலை. கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டும் தோள்பட்டை எலும்பும் போகும். பந்தை மார்போடு அணைத்து, முழங்கால், இடுப்பு, தோள் என்ற வரிசையில் பக்கவாட்டில் விழுந்து, முதுகை எதிரணிக்குக் காட்டி, பந்தைக் கைநீட்டித் தன் அணியின் பக்கம் வைக்க வேண்டும்.

கால்பந்திலிருந்து வருபவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் ஓடி இடம் பிடிப்பது அவர்களுக்கு இயல்பு. ரக்பியில் முன்னால் நிற்பவர் ஆட்டத்திலேயே இல்லை. பந்துக்குப் பின்னால் ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று, பந்து வரும்போது வேகமெடுத்துப் பாய வேண்டும். இதற்குப் பதிலாக அவர்கள் கொண்டுவரும் பலம் உதை. எழுவர் ஆட்டத்தில் ஆட்டத்தைத் தொடங்குவதும், ட்ரைக்குப் பின் புள்ளி எடுப்பதும் பந்தைத் தரையில் விட்டு அது எழும்பும் கணத்தில் உதைக்கும் டிராப் கிக்கால்தான். நல்ல டிராப் கிக் உள்ள பெண்ணுக்கு எந்த மாநில அணியிலும் இடம் இருக்கும். முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்பதைக் கண்டுகொள்ள மட்டும் சில மாதங்கள் தேவை.

விதிகளை வீட்டிலிருந்தே கற்கலாம். உலக ரக்பி அமைப்பின் இணையதளத்தில் விதிகளுக்கும் பாதுகாப்புக்கும் இலவசப் பாடங்களும், முடித்தால் சான்றிதழும் உண்டு.

ஐந்தாம் படி: உடம்பைத் தயார் செய்யுங்கள்

தேர்வு முகாம்களில் சகிப்புத்திறனை அளக்கப் பரவலாகப் பயன்படுவது ‘பிராங்கோ’ ஓட்டம். தொடக்கக் கோட்டிலிருந்து 20, 40, 60 மீட்டர் தொலைவில் குறி வைத்து, ஒவ்வொன்றுக்கும் சென்று திரும்பி, அதை இடைவெளியின்றி ஐந்து முறை செய்தால் 1,200 மீட்டர் ஆகும். கருவி ஏதும் தேவையில்லை. மூன்று செருப்பை வைத்துக்கூடத் திடலில் செய்யலாம். ஐந்து நிமிடத்துக்கு அருகில் முடிக்கும் பெண்ணை எந்தத் தேர்வாளரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்ப்பார் என்பது என் கணிப்பு. மாதம் ஒரு முறை நேரத்தைக் குறித்து வையுங்கள். இதோடு குறுந்தூர ஓட்டமும், எடையோடு குந்தி எழுதலும் வேண்டும். பெண்களுக்கு முழங்காலின் உள்ளே இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடியாமல் இறங்கும் பயிற்சியை ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் செய்தால் அந்த ஆபத்து கணிசமாகக் குறையும். சலிப்பூட்டும் பயிற்சிதான்; விட்டுவிடாதீர்கள்.

தொடங்குவதற்கு முன் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். பாதி ஆட்டத்திலேயே மூச்சு வாங்குவது சோம்பல் அல்ல, பல நேரங்களில் இரும்புச்சத்துக் குறைவு. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். மாதவிடாய் நாட்களைக் குறித்து வைத்துப் பயிற்சியாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள். மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுபோனால், உண்பதைவிட அதிகமாக உழைக்கிறீர்கள் என்று பொருள், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு டப்பாப் பொடி எதுவும் வேண்டாம். காசிமேட்டில் மத்தியும் கானாங்கெளுத்தியும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு, புரதத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவழிப்பது வீண். முட்டை, வேர்க்கடலை, சுண்டல், கேழ்வரகுக் கூழ், மோர் ஆகியவை மீதியைப் பார்த்துக்கொள்ளும். மார்ச் முதல் ஜூன் வரை காலை ஏழு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் காற்றில் நெடி தெரியும் நாட்களில் வெளியே ஓடாமல் வீட்டிலேயே வலுப்பயிற்சி செய்யலாம். மழைக்காலத்தில் திடல்களில் தண்ணீர் தேங்கும் வாரங்களுக்கும் அதுவே வழி.

ஆறாம் படி: தலைக் காயத்தை முதலில் படியுங்கள்

தலையில் அடிபட்டு, ஒரு நொடியாவது தடுமாறினாலோ, கேள்விக்கு விடை சொல்லத் திணறினாலோ, வாந்தி வருவதுபோல் இருந்தாலோ, அன்றைய ஆட்டம் முடிந்தது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று வீராங்கனை சொல்வதைக் கேட்கக் கூடாது. மூளை அதிர்ச்சியில் இருப்பவர் தன் நிலையைத் தானே கணிக்க முடியாது. முழு நேர மருத்துவக் கண்காணிப்பு இல்லாத உள்ளூர் நிலையில், குறைந்தது மூன்று வாரம் கழித்தே போட்டிக்குத் திரும்ப வேண்டும், அதுவும் படிப்படியாக. நினைவு தப்பினாலோ கழுத்து வலித்தாலோ ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடாமல், அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

பல் காப்பு பல்லைக் காக்கும், மூளையைக் காக்காது. மெத்தை வைத்த தலைத்தொப்பியும் அப்படியே.

ஏழாம் படி: வேண்டிய பொருட்கள்

கால்பந்து பூட்ஸ் போதும். நம் ஊரின் இறுகிய செம்மண் தரைக்கு அச்சில் வார்த்த சிறு குமிழ்கள் கொண்டதே நல்லது. வெந்நீரில் மென்மையாக்கிப் பல்லில் பதித்துக்கொள்ளும் பல் காப்பை முதலில் வாங்கலாம்; அணியில் இடம் உறுதியானதும் பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்துகொள்ளலாம். அரைக்கால்சட்டை பற்றி வீட்டில் தயக்கம் இருந்தால், அதற்குள் நீண்ட இறுக்கமான காலுடை அணிய விதி அனுமதிக்கிறது. ஆபத்து ஏற்படுத்தாத தலைத்துணியும் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டதே. மண்ணடியிலும் ராயபுரத்திலும் சில குடும்பங்களுக்கு இந்த ஒரு செய்தியே போதுமானதாக இருக்கும். நகைதான் கூடாது. ஆட்டத்துக்கு முன் நடுவர் பூட்ஸின் அடியையும் விரல் நகங்களையும் பார்ப்பார். கம்மல், மூக்குத்தி, கொலுசு, வளையல், மெட்டி எல்லாம் கழற்றப்பட வேண்டும். மேலே பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் போதும் என்ற எண்ணம் வேண்டாம். புதிதாக மூக்குக் குத்தும் திட்டமிருந்தால் போட்டிப் பருவம் முடியட்டும்.

எட்டாம் படி: காகிதங்கள்

இதைப் படிக்கும்போது சிலருக்கு ஆர்வம் குறையலாம். ஆனால் நன்றாக ஆடும் பெண் காகிதத்தால் வெளியூர்ப் பயணத்தை இழப்பது நடக்கக்கூடியதே. வயதுப் பிரிவுப் போட்டிகளில் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. மாநகராட்சி வழங்கிய சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா, தேதி பள்ளிப் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். நம் ஊரில் முதலெழுத்து தரும் தொல்லை தனி. ஆதாரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் அதே எழுத்து, கடவுச்சீட்டில் அப்பாவின் முழுப் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால், மூன்று பேர் என்று கணினி நினைத்துக்கொள்ளும். கடவுச்சீட்டில் முதலெழுத்தை விரித்தே எழுத வேண்டும் என்பதால், அதற்கேற்ப மற்றவற்றைத் திருத்துவதே எளிது.

கடவுச்சீட்டை மாநில அணிக்குத் தேர்வானதும் எடுத்துவிடுங்கள். இந்திய முகாமுக்கு அழைப்பு வந்த பிறகு காவல் நிலைய விசாரணைக்காகக் காத்திருக்க நேரமிருக்காது. பதினைந்து வயது நிரம்பாதவருக்கு அது ஐந்து ஆண்டுகளுக்கோ பதினெட்டு வயது வரையிலோ மட்டுமே செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒன்பதாம் படி: ஏணியில் ஏறுவது

மாநில அணிக்கான தேர்வு, தேசியப் போட்டி, தேசிய முகாம், ஆசியப் போட்டி என்பதே வரிசை. இந்திய அணியை நடத்துவது மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ரக்பி இந்தியா. அதன் தலைவர், முன்பு இந்திய அணிக்காக ஆடிய நடிகர் ராகுல் போஸ். தேசியப் போட்டிகள் வயது வாரியாகவும் மூத்தோருக்கும் தனித்தனியாக நடக்கும். தேர்வாளர்கள் முகாமுக்கான பெயர்களை அங்கேதான் குறித்துக்கொள்கிறார்கள். கல்லூரியில் இருந்தால் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி மற்றொரு வாசல். பாரதி மகளிர் கல்லூரியிலோ வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரியிலோ படிப்பவர், தன் கல்லூரியில் ரக்பி அணி இல்லாவிட்டாலும், பல்கலைக்கழக அணித் தேர்வில் பங்கேற்க உடற்கல்வித் துறையிடம் கேட்க வேண்டும்.

இந்திய மகளிர் ரக்பியில் ஒடிசா, மகாராஷ்டிரம், பீகார், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்கள் வலுவானவை. முதல் தேசியப் போட்டியில் ஒடிசாவிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றால் மனம் உடைய வேண்டாம். தேர்வாளர்கள் புள்ளிப் பலகையைவிட, தோற்கும் அணியில் கடைசி நிமிடத்திலும் எழுந்து ஓடித் தடுப்பவரைத்தான் தேடுகிறார்கள். பதினெட்டு, இருபது வயதுக்குட்பட்ட பிரிவுகளில் ஆசியப் போட்டிகள் இருப்பதால், இளையவர்களுக்கு இந்தியச் சீருடைக்கான முதல் வாய்ப்பு அங்கேயே அமையலாம். 2025 ஆகஸ்டில் பீகாரின் ராஜ்கிரில் நடந்த ஆசிய இருபது வயதுக்குட்பட்டோர் போட்டியில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றார்கள்.

பத்தாம் படி: சர்வதேச வீராங்கனையின் நாள் எப்படி இருக்கும்

எழுவர் போட்டி பெரும்பாலும் இரண்டு நாட்களில் முடியும். ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டங்கள் இருக்கும். பதினான்கு நிமிடம் முழு வேகத்தில் ஆடி, உடம்பைக் குளிர்வித்து, வாழைப்பழமும் சோறும் சாப்பிட்டு, மூன்று மணி நேரத்தில் மறுபடி சூடேற்ற வேண்டும். பன்னிரண்டு பேர் கொண்ட அணி என்பதால் யாருக்காவது காயம் பட்டால் மற்றவர்களின் சுமை உடனே கூடும். ஓரிடத்தில் மட்டும் ஆடத் தெரிந்தவரைவிட, ஸ்க்ரம்மிலும் (இரு அணியினரும் தோள் கோத்துப் பந்துக்காகத் தள்ளும் இடத்திலும்) நிற்கத் தெரிந்த, ஓரத்திலும் ஓடத் தெரிந்த பெண்ணை அழைத்துச் செல்வதையே பயிற்சியாளர் விரும்புவார். முகாமில் இந்தியும் ஆங்கிலமும் ஓடும். களத்தில் கத்த வேண்டிய சொற்கள் ஒரு வாரத்தில் பழகிவிடும், சாப்பாடுதான் நாள் எடுக்கும்.

ஊக்கமருந்து விதிகளை முகாமுக்குப் போகும் முன்பே படியுங்கள். தெரியாமல் சாப்பிட்டேன் என்பது விதியின் முன் விடை ஆகாது. உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் பொடிகள், பெயர் தெரியாத லேகியங்கள், வீசிங்குக்கு எழுதிக் கொடுக்கும் சில ஸ்டீராய்டு மாத்திரைகள் ஆகியவற்றில் ஆபத்து உண்டு. ஆஸ்துமா இருந்தால் மருத்துவச் சீட்டை எடுத்துக்கொண்டு அணி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, தேவைப்பட்டால் மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பதினோராம் படி: பிழைப்பு

இங்கிலாந்து 2019-இல் 28 பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது. 2025 மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியை லண்டனில் 81,885 பேர் நேரில் பார்த்தார்கள். இந்தியாவில் நிலை அதுவல்ல. 2025 ஜூனில் தொடங்கிய ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் அணி கோப்பை வென்றது மகிழ்ச்சியானதுதான். ஆனால் அந்த முதல் பருவம் ஆண்களுக்கானது. ஆகவே கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு ரக்பி ஆட வாருங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய வாபிஸ் பரூச்சா இயன்முறை மருத்துவர்; அமெரிக்காவின் ஒலிம்பிக் பதக்க வீராங்கனை இலோனா மாஹர் செவிலியர் பட்டம் பெற்றவர். உடற்கல்வி, இயன்முறை மருத்துவம், செவிலியம் போன்ற படிப்புகள் ஆட்டத்தோடு ஒத்துப்போகும். பணி நேரம் மாற்றிக்கொள்ள முடியாத வேலைகள் ஒத்துப்போகாது.

அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீடு உண்மையான வாய்ப்பு. மத்திய அரசு 2020-இல் அந்த ஒதுக்கீட்டுக்குத் தகுதியான விளையாட்டுகளை 43-இலிருந்து 63 ஆக உயர்த்தியபோது ரக்பியும் சேர்ந்தது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு உண்டு. எந்தப் பணிக்கு எந்த நிலைப் போட்டி தகுதி தரும் என்பதை ஒவ்வோர் அறிவிக்கையிலும் படிக்க வேண்டும். சான்றிதழுக்குத் தனிப் படிவங்கள் உள்ளன: இந்தியாவுக்காக ஆடியவருக்கு முதல் படிவம், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு இரண்டாவது, பல்கலைக்கழக அணிக்கு மூன்றாவது, பள்ளி அணிக்கு நான்காவது. போட்டியில் கொடுக்கும் வண்ணச் சான்றிதழ் இந்தப் படிவத்துக்கு மாற்றாகாது. சங்க நிர்வாகிகள் மாறுவதற்கு முன், போட்டி முடிந்த சில வாரங்களிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பயணச் செலவுக்கும் உபகரணங்களுக்கும் 2023-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிடம் இணையவழியில் விண்ணப்பிக்கலாம். அழைப்புக் கடிதம், செலவு மதிப்பீடு, முந்தைய போட்டிச் சான்றிதழ்கள் ஆகிய மூன்றையும் தயாராக வைத்திருந்தால் வேலை விரைவாக முடியும்.

முப்பதை நெருங்கும்போது கால் வேகம் குறையும். அதற்கு முன்பே பயிற்சியாளர் சான்றிதழையோ நடுவர் சான்றிதழையோ பெறத் தொடங்குவது புத்திசாலித்தனம். அயர்லாந்துக்காக ஆடி ஓய்வு பெற்ற ஜாய் நெவில் நடுவராகி, 2023 ஆண்கள் உலகக் கோப்பையில் தொலைக்காட்சி நடுவராகப் பணியாற்றிய முதல் பெண் ஆனார். தமிழ்நாட்டுப் போட்டிகளில் விசிலோடு நிற்கும் பெண்கள் மிகச் சிலர்தான். காயத்தால் ஒரு பருவம் வெளியே உட்கார நேர்ந்தால், அந்த மாதங்களில் கோட்டு நடுவராகக் கொடி பிடிக்கச் சங்கத்திடம் கேளுங்கள். விதிகள் மனதில் பதியும், போட்டிக்குப் போட்டி சிறு தொகையும் கிடைக்கலாம்.